எலியின் செவிவழி மூளைத்தண்டில் வீக்ளூட்-1, வீக்ளூட்-2 பரவல்: இரண்டும் ஒரே வளையத்தில் தெரிவது சரியா?

கேள்வி: பாலாற்றங்கரை (வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. குளுட்டமேட்டை நரம்பு முனையின் நுண்குமிழ்களுக்குள் ஏற்றும் வீக்ளூட்-1, வீக்ளூட்-2 ஆகிய இரண்டு புரதங்களும் செவிவழி மூளைத்தண்டில் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. வளர்ந்த விஸ்டார் எலிகளை 4 சதவீதப் பாரஃபார்மால்டிஹைடில் பெர்ஃப்யூஸ் செய்து, மூளையை 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் அது அடியில் தங்கும்வரை ஊறவைத்து, கிரையோஸ்டாட்டில் 30 மைக்ரான் கனத்தில் குறுக்குவெட்டாக எடுத்தேன். முயலில் உண்டாக்கிய வீக்ளூட்-1 ஆன்டிபாடிக்குப் பச்சைச் சாயம், கினிப் பன்றியில் உண்டாக்கிய வீக்ளூட்-2 ஆன்டிபாடிக்குச் சிவப்புச் சாயம்.

நான் படித்துவைத்திருந்த கணக்கு எளியது. செவி நரம்பு, மூளைத்தண்டில் ஒலிக்கான முதல் நிலையமான காக்ளியர் நியூக்ளியஸில் வந்து முடியும் இடங்களில் வீக்ளூட்-1 இருக்கும். முகம், கழுத்து ஆகியவற்றின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் இழைகள் அதே நியூக்ளியஸின் கிரான்யூல் செல் பகுதியில் முடியும்போது அங்கே வீக்ளூட்-2 இருக்கும். ஆகவே பச்சை என்றால் ஒலி, சிவப்பு என்றால் தொடுகை என்று வைத்துக்கொண்டேன். கிரான்யூல் செல் பகுதியில் கணக்கு ஓரளவு ஒத்துவந்தது. ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, டிரப்பீசாய்டு பாடியின் நடு நியூக்ளியஸ், அதாவது எம்.என்.டி.பி. இங்கே ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஹெல்டின் கேலிக்ஸ் என்ற பெரிய நரம்பு முனை வளையமாகத் தெரிகிறது. அது ஒலிக்கு மட்டுமே உரிய பாதை. ஆனால் வளையம் முழுவதும் பச்சையும் சிவப்பும் கலந்து மஞ்சளாக நிற்கிறது. இரண்டாவது, வயிற்றுப்புற காக்ளியர் நியூக்ளியஸின் முன்பகுதியில், புஷி செல்களைக் கவிந்திருக்கும் ஹெல்டின் எண்ட்பல்புகளும் அங்கங்கே மஞ்சளாகவே தெரிகின்றன. அவை நேராகச் செவி நரம்பின் முனைகள் என்பதால், அங்கே சிவப்பு வரக்கூடாது என்று நினைத்தேன்.

வழிகாட்டியிடம் காட்டியபோது, சிவப்பு ஆன்டிபாடி கெட்டுவிட்டது, வேறு வாங்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோடையில் எங்கள் துறையில் மின்வெட்டால் ஃப்ரீசர் இரண்டு முறை நின்றுபோனது உண்மைதான். இரண்டாம் முறை அடித்தட்டில் இருந்த பனிக்கட்டி உருகி, குப்பிகளின் மேல் எழுதியிருந்த மை கரைந்து, எது எந்த ஆன்டிபாடி என்பதை மூடியின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் விலங்குக்கூடத்தின் சுவரை ஒட்டியே ஜெனரேட்டர் நிற்கிறது. மின்சாரம் போகும்போதெல்லாம் மணிக்கணக்கில் ஓடும். அந்த இரைச்சல் எலிகளின் செவியைப் பாதித்து, அதனால் புரதப் பரவலே மாறியிருக்குமோ என்ற ஐயமும் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். இந்த மஞ்சள் வளையம் உண்மையா, ஆன்டிபாடியின் கோளாறா, இரைச்சலின் விளைவா? எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: வாலாஜா வாத்தியார் (வாலாஜாபேட்டை, பணி ஓய்வு)

அம்மா, உங்கள் எம்.என்.டி.பி. வளையம் மஞ்சளாகத் தெரிவதில் எனக்கு வியப்பில்லை. எலியின் கேலிக்ஸில் வீக்ளூட்-1, வீக்ளூட்-2 இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை பிரையன் பில்லப்ஸ் 2005ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். கோளாறு ஆன்டிபாடியில் இருப்பதைவிட, பச்சை என்றால் ஒலி என்ற உங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

வீக்ளூட் புரதம் எந்த உணர்வைச் சுமந்துவருகிறது என்பதற்கான முத்திரை அன்று; எந்த நரம்புசெல்லின் முனை அது என்பதற்கான அடையாளம். காக்ளியர் நியூக்ளியஸில் பச்சையாகத் தெரியும் எண்ட்பல்பு, காதின் சுருள் நரம்புமுடிச்சில் உள்ள செல்லுக்குச் சொந்தம். அந்தச் செல் வீக்ளூட்-1 செய்கிறது. எம்.என்.டி.பி.யில் தெரியும் கேலிக்ஸோ, எதிர்ப்பக்கத்து வயிற்றுப்புற காக்ளியர் நியூக்ளியஸில் இருக்கும் குளோபுலர் புஷி செல்லுக்குச் சொந்தம்; அதன் ஆக்ஸான் டிரப்பீசாய்டு பாடி வழியாக நடுக்கோட்டைத் தாண்டி வந்து அங்கே முடிகிறது. அந்த நியூக்ளியஸின் செல்கள் இரண்டு வீக்ளூட்களுக்கும் உரிய எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது அந்தப் புரதங்களைச் செய்வதற்கான மரபுச் செய்தியை, வைத்திருக்கின்றன. ஆக, ஒலி அதே ஒலிதான். ஆள் மாறிவிட்டான், ஆளோடு அவனுடைய சரக்கும் மாறிவிட்டது.

இதில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எம்.ஆர்.என்.ஏ. செல்லின் உடலில் இருக்கும். புரதமோ ஆக்ஸானின் முனையில் போய்ச் சேரும். ராணிப்பேட்டையில் வீடு, ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை என்று காலை ரயிலில் போகிறவரைக் குடும்ப அட்டையை வைத்துத் தேடினால் ராணிப்பேட்டையில் கிடைப்பார், வருகைப் பதிவேட்டை வைத்துத் தேடினால் ஆம்பூரில் கிடைப்பார். வயிற்றுப்புற காக்ளியர் நியூக்ளியஸில் நீங்கள் ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பவை அங்கே வந்து முடிகிறவர்களின் சரக்கு. அங்கே குடியிருக்கும் புஷி செல்களின் சரக்கைப் பார்க்க எம்.என்.டி.பி.க்கும் மேல் ஆலிவரி நியூக்ளியஸ்களுக்கும்தான் போகவேண்டும்.

உங்கள் கணக்குக்குப் பின்னால் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ், சிறுமூளைப் புறணி என்றால் வீக்ளூட்-1; தாலமஸ், மூளைத்தண்டு என்றால் வீக்ளூட்-2 என்று பாடநூல்கள் பொதுவாகப் பிரிக்கும். வீக்ளூட்-1 நுண்குமிழில் குளுட்டமேட்டை ஏற்றும் புரதம் என்பது 2000ஆம் ஆண்டில்தான் தெளிவானது; அதுவரை அது பாஸ்பேட் கடத்தியாகவே அறியப்பட்டிருந்தது. அந்தத் தொடக்கக் காலப் படங்களில் பெருமூளைக்கே கவனம் கிடைத்தது. செவி நரம்பு மூளைத்தண்டில் முடிந்தாலும் வீக்ளூட்-1ஐப் பயன்படுத்துவதால், அந்தப் பிரிவினை செவிவழியின் முதல் நிலையத்திலேயே உடைந்துவிடுகிறது. மேலே போகப்போக வேறு மாதிரி. கீழ்க்குன்றில், அதாவது இன்ஃபீரியர் காலிகுலஸில், காபாவால் அடக்கும் பெரிய செல்களின் உடலைச் சுற்றி வீக்ளூட்-2 முனைகள் அடர்ந்து மொய்க்கின்றன; அதே இடத்துக்குப் பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கிவரும் இழைகளின் முனையில் வீக்ளூட்-1 இருக்கிறது. அங்கே உங்கள் பழைய சாவியைப் போட்டால் பூட்டே திறக்காது.

கேலிக்ஸை 60 மடங்கு எண்ணெய் லென்ஸில் பாருங்கள். எம்.என்.டி.பி. செல் ஏறத்தாழ 20 மைக்ரான் குறுக்களவு உள்ளது. கண் திறக்காத குட்டியில் கேலிக்ஸ் ஒரு கரண்டிபோல் செல்லை அணைத்திருக்கும்; வெட்டில் வளையம் தொடர்ச்சியாகத் தெரியும். வளர்ந்த எலியில் அந்தக் கரண்டி ஓட்டை விழுந்து விரல்களாகப் பிரிந்துவிடும். வெட்டில் அது உடைந்த வளையல் துண்டுகளைச் சுற்றி அடுக்கியதுபோல் இருக்கும். உங்கள் எலி வளர்ந்தது என்கிறீர்கள். வளையம் துண்டு துண்டாக இருந்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பச்சையும் சிவப்பும் இருந்தால் அது கேலிக்ஸ். முழு வளையமாக, செல்லின் உள்ளேயும் மங்கலாகப் படர்ந்து தெரிந்தால் அது பின்னணிக் கறை என்று ஐயப்படவேண்டும்.

1893இல் ஹான்ஸ் ஹெல்ட் இந்த முனைகளை வெள்ளிச் சாயத்தில் பார்த்து வரைந்தபோது அவரிடம் ஆன்டிபாடியும் இல்லை, கான்ஃபோகல் நுண்ணோக்கியும் இல்லை. வடிவத்தை மட்டும் நம்பியே அவ்வளவு தூரம் போனார். வண்ணத்துக்கு முன் வடிவத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பதில் 2: ஆரணி நெசவு (ஆரணி)

எனக்கு இந்தத் துறையில் பழக்கம் குறைவு, உயிர்வேதியியல் படித்தவன். ஒரு சிறு விளக்கம் வேண்டும். செவி நரம்பு வீக்ளூட்-1 பயன்படுத்துகிறது என்றால், காதுக்குள் இருக்கும் மயிர்செல்களும் வீக்ளூட்-1தானே பயன்படுத்த வேண்டும்? அப்படியானால் இந்த மாணவி காக்ளியாவையே வெட்டி, அதே ஆன்டிபாடிக்கு நேர்நிலைச் சான்றாக வைத்துக்கொள்ளலாமே. ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பதில் 3: நுண்ணோக்கி (காட்பாடி)

ஆரணி நண்பரே, யோசனை நல்லது, ஆனால் அந்த இடம் தவறு. உள் மயிர்செல்கள் பயன்படுத்துவது வீக்ளூட்-3. அந்த மரபணுவை நீக்கிய எலிகள் பிறவிச் செவிடாக இருப்பதை 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. மனிதரில் அதே மரபணுவின் பிழை, பரம்பரையாக வரும் டி.எஃப்.என்.ஏ.25 என்ற காது கேளாமைக்குக் காரணமாகிறது. மயிர்செல்லில் வீக்ளூட்-3, அடுத்த செல்லில் வீக்ளூட்-1, அதற்கடுத்த செல்லில் 1ம் 2ம் சேர்ந்து. வாத்தியார் ஐயா சொன்ன ஆள் மாறும் கதை காதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இந்த வீக்ளூட்-3 இன்னொரு விந்தையும் செய்கிறது: எம்.என்.டி.பி. செல்கள் கிளைசினால் அடக்கும் செல்கள் என்றாலும், பிறந்த முதல் இரண்டு வாரங்களில் பக்க மேல் ஆலிவில் அவற்றின் முனைகள் குளுட்டமேட்டையும் சேர்த்தே விடுகின்றன. அதை நுண்குமிழில் ஏற்றும் கூலியாள் வீக்ளூட்-3தான். கில்லெஸ்பி, கிம், கேண்ட்லர் ஆகியோர் 2005இல் இதைக் காட்டினார்கள். எலிக்குக் காது கேட்கத் தொடங்குவது ஏறத்தாழ 12ஆம் நாளில் என்பதால், பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே நடக்கும் ஏற்பாடு இது. நேர்நிலைச் சான்று வேண்டுமென்றால் வெகுதூரம் போகவேண்டாம்: மாணவி வெட்டும் அதே துண்டில் மேலே சிறுமூளை இருக்கிறது. அதன் மூலக்கூறு அடுக்கில், வளர்ந்த எலியில், இணையிழைகள் வீக்ளூட்-1இலும் ஏறு இழைகள் வீக்ளூட்-2இலும் தெளிவாகப் பிரிந்து தெரியும். அங்கே பிரிந்து தெரிந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் நலமாக இருக்கின்றன. ஃப்ரீசர் உருகியதற்காக அழவேண்டியதில்லை.

மாணவிக்கு: வளையத்தைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எண்ட்பல்பு மஞ்சளாகத் தெரிவதை அதே விளக்கத்தில் அடக்கிவிட முடியாது. அங்கேதான் எனக்கு நெருடுகிறது. வயிற்றுப்புற காக்ளியர் நியூக்ளியஸில் சில முனைகளில் இரண்டும் சேர்ந்திருப்பதாக முன்பே எழுதியிருக்கிறார்கள் என்பதால் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் நீங்கள் இரண்டு லேசரையும் ஒரே நேரத்தில் ஏற்றிப் படம் எடுத்தீர்களா என்பதைச் சொல்லவில்லை. பச்சைச் சாயத்தின் ஒளி வால் நீண்டது. சிவப்புக்கு ஒதுக்கிய ஜன்னலுக்குள் அது கசியும். எண்ட்பல்பில் வீக்ளூட்-1 கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருப்பதால், நூற்றில் சில பங்கு கசிந்தாலும் சிவப்புப் படத்தில் ஓர் எண்ட்பல்பு முளைத்துவிடும். கண்ணுக்கு மஞ்சள், உண்மையில் பச்சையின் நிழல்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். பச்சை மட்டும் போட்ட ஒரு துண்டை, சிவப்பு மட்டும் போட்ட ஒரு துண்டை, முதல் ஆன்டிபாடியே போடாத ஒரு துண்டை, அதே லேசர் அளவில், அதே கெய்னில் (ஒளிச் சமிக்ஞையைப் பெருக்கும் அளவில்) எடுங்கள். பிறகு இரட்டைச் சாயமிட்ட துண்டை ஒரு லேசர் அணைந்தபின் மறு லேசர் என்று வரிசையாக எடுங்கள். எந்தப் புள்ளியும் வெண்மையாக முற்றிப்போகாத அளவுக்குக் கெய்னைக் குறைத்துவைக்கவேண்டும். முற்றிய புள்ளியில் எவ்வளவு புரதம் என்று அளப்பது, நிரம்பி வழிகிற ஏரியில் மழையளவு பார்ப்பதற்குச் சமம். 30 மைக்ரான் துண்டில் ஆன்டிபாடி உள்ளே முழுதும் இறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழத்தில்தான் அளவெடுப்பு நம்பத்தக்கது.

இன்னும் ஒன்று: எம்.என்.டி.பி.யில் எந்த இடத்தில் படம் எடுத்தீர்கள்? அதன் நடுக்கோட்டுப் பக்கம் உயர் சுருதிக்கும், வெளிப்பக்கம் தாழ் சுருதிக்கும் உரியது. ஒரு எலியில் உள்முனையிலும் மற்றொன்றில் வெளிமுனையிலும் எடுத்து ஒப்பிட்டால், எலிக்கு எலி வேறுபாடு என்று நீங்கள் எழுதுவது சுருதிக்குச் சுருதி வேறுபாடாக இருக்கலாம். ஆறாம் மூளை நரம்பின் வேர்கள் அந்த நியூக்ளியஸுக்குள்ளேயே நூல்நூலாகப் புகுந்து இறங்கும். அவற்றை அடையாளமாக வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: செவித்திறன் (குடியாத்தம்)

நான் செவித்திறன் ஆய்வாளர். எலியோடு பழக்கமில்லை, மனிதர்களோடுதான். ஜெனரேட்டர் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ஐயம் அடிப்படையற்றது அன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழுவினர் கினிப் பன்றிகளின் ஒரு காதைச் செவிடாக்கிப் பார்த்தபோது, அந்தப் பக்கத்துக் காக்ளியர் நியூக்ளியஸில் வீக்ளூட்-1 குறைந்து, கிரான்யூல் செல் பகுதியில் வீக்ளூட்-2 கூடியது என்று 2009இல் எழுதினார்கள். செவி நரம்பு விட்டுக்கொடுத்த இடத்தைத் தொடுவுணர்வு இழைகள் பிடித்துக்கொள்கின்றன என்று அதைப் படிக்கலாம். எங்கள் ஊரில் விசைத்தறியில் 20, 30 ஆண்டுகள் நின்றவர்கள் வந்து, காதுக்குள் சில்வண்டு ஓயாமல் கத்துகிறது என்பார்கள். பல்லை இறுகக் கடிக்கச் சொன்னாலோ தாடையை முன்னே நீட்டச் சொன்னாலோ, இப்போது சத்தம் ஏறுகிறது ஐயா என்று அவர்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தாடையின் உணர்வைக் கொண்டுவரும் டிரைஜெமினல் பாதை காக்ளியர் நியூக்ளியஸ்வரை வருகிறது என்பதைப் படித்த பிறகுதான் அது எனக்குப் பொருள்பட்டது.

ஆனால் உங்கள் ஜெனரேட்டரை உடனே குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். டீசல் ஜெனரேட்டரின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதி. நமக்கு அது நெஞ்சில் அதிர்கிறது, எலிக்கோ அந்தச் சுருதியில் காது மந்தம். அதன் காது கூர்மையாக இருப்பது பல கிலோஹெர்ட்ஸ்களுக்கு மேலே, 80 கிலோஹெர்ட்ஸ் அளவுவரை போகிறது. நாம் கேட்காத ஒலிகளையே நீங்கள் முதலில் தேடவேண்டும்: சுருதியேறிக் கிரீச்சிடும் கூண்டுக் கதவு, ஒழுகிச் சீறும் குழாய், பக்கத்து அறையில் கண்ணாடிப் பொருள் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி. இவற்றை நம் செவியை வைத்து மதிப்பிட முடியாது.

சோதித்துப் பார்க்க வழி பெரா, அதாவது ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் பதிலைப் பதியும் சோதனை. ஒலி கொடுத்த 10 மில்லி வினாடிக்குள் செவி நரம்பு, காக்ளியர் நியூக்ளியஸ், அதற்கு மேலே உள்ள நிலையங்கள் அலையலையாகப் பதில் சொல்வதை மயக்க நிலையில் இருக்கும் எலியிலும் பதியலாம். எங்களைப் போன்ற கிளினிக்கில் உள்ள கருவியைக் கடன் வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது மனிதக் காதுக்கானது. அதன் கிளிக் ஒலியின் வலு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான். அதில் எலி நன்றாகக் கேட்கிறது என்று வந்தாலும், 16 அல்லது 32 கிலோஹெர்ட்ஸில் அதன் காது போயிருப்பது தெரியாமலே போய்விடும். உயர் சுருதி ஒலிபெருக்கி உள்ள ஆய்வகத்தில் பதியுங்கள்; விலங்கு நெறிமுறைக் குழுவிடம் இதற்குத் தனி ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை (வேலூர்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். கான்ஃபோகலில் நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆகிவிட்டது. அனைவரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன்.

சிறுமூளையில் முதலில் பார்த்தேன். மூலக்கூறு அடுக்கு முழுவதும் மணல் தூவியதுபோல் நெருக்கமான பச்சைப் புள்ளிகள். அவற்றினூடே பர்கின்ஜே செல்லின் கிளையைத் தொற்றி ஏறும் பெரிய சிவப்புப் புள்ளிகள், கொடியில் காய் பிடித்ததுபோல். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. ஆன்டிபாடிகள் பிழைத்திருக்கின்றன. வழிகாட்டியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். புதிதாக வாங்கும் பேச்சு நின்றது.

எம்.என்.டி.பி.யில், ஒற்றைச் சாயமிட்ட துண்டுகளிலும் கேலிக்ஸ் அப்படியே நிற்கிறது. பச்சை மட்டும் போட்டதிலும் உண்டு, சிவப்பு மட்டும் போட்டதிலும் உண்டு. வாலாஜா ஐயா சொன்ன உடைந்த வளையல் துண்டுகள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தபோது, முன்பு நான் முழு வளையம் என்று எழுதிவைத்ததே தவறு என்று தெரிந்தது. கெய்ன் கூடுதலாக இருந்ததால் இடைவெளிகள் அடைபட்டுத் தெரிந்திருக்கின்றன. குறைத்ததும் ஒரு செல்லைச் சுற்றி ஏழெட்டுத் துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நிறமும் இருந்தன.

எண்ட்பல்பு விஷயத்தில் காட்பாடி நண்பரின் நெருடல்தான் சரி. நான் இரண்டு லேசரையும் சேர்த்தே ஏற்றியிருந்தேன். பச்சை மட்டும் போட்ட துண்டிலேயே சிவப்பு ஜன்னலில் எண்ட்பல்பின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. வரிசையாக எடுத்தபோது மஞ்சள் எண்ட்பல்புகளில் பெரும்பாலானவை வெறும் பச்சையாகிவிட்டன. அவற்றின் ஓரத்தில் சில சிறிய சிவப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. சில எண்ட்பல்பைத் தொட்டு நிற்கின்றன, சில உள்ளேயே இருப்பதுபோல் தெரிகின்றன. ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடுவதால், தொடுவதையும் உள்ளிருப்பதையும் இதை வைத்துத் தீர்மானிக்க மனம் வரவில்லை; அந்தப் புள்ளிகளை இப்போதைக்குத் தனி வகையாக எண்ணிவைத்திருக்கிறேன்.

கிரான்யூல் செல் பகுதியில் வீக்ளூட்-2 கூடியிருக்கிறதா என்பதற்கு ஒப்பிட அமைதியான இடத்தில் வளர்ந்த எலி வேண்டும். அடுத்த ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் பாதியை ஜெனரேட்டருக்கு எதிர்ப்புறம் உள்ள மாடி அறையில் வளர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த மாடி அறையில் மூடினாலும் சொட்டும் குழாய் ஒன்று இருந்தது. அதை நேற்றுத்தான் பிளம்பர் வந்து மாற்றினார்.